கஜபதியும் எல்லப்பன் வீட்டு லைனும்

திருத்தணி கேபிள்காரன் கஜபதியைப் பற்றிச் சொல்கிறவர்கள் யாரும் உள்ளதை உள்ளபடி சொன்னது கிடையாது. அவன் கம்பத்தில் ஏறினால் அணில்கள் கீழே இறங்கி நின்று வழிவிடும் என்பார்கள். அறுந்த ஒயரின் நுனியை நாக்கில் வைத்தே எந்தச் சேனல் ஓடுகிறது என்று சொல்லிவிடுவான், சமையல் நிகழ்ச்சி என்றால் கரிக்கும், செய்தி என்றால் கசக்கும், சீரியல் என்றால் கண்ணில் தண்ணீர் வந்துவிடும் என்பார்கள். மலைக்குரங்குகள் ஒருதரம் கூட்டமாக இறங்கி வந்து, தங்கள் பாறைக்கும் ஒரு கனெக்‌ஷன் இழுத்துத் தரச்சொல்லி அவன் சட்டையைப் பிடித்து இழுத்தன என்று சத்தியம் செய்கிறவர்கள் இன்றைக்கும் அரக்கோணம் சாலை டீக்கடையில் இருக்கிறார்கள்.

உண்மையில் கஜபதி ஐம்பதைத் தாண்டிய, இடது முழங்கால் சரியாக மடங்காத, ஒல்லியான ஆள். கூலிக்கு நாற்று நட்ட குடும்பம். ஊரில் முதல் டிஷ் ஆன்டெனா மொட்டைமாடிக்குப் போனபோது அதைத் தோளில் சுமந்துகொண்டு ஏறியவன் அவன். இறங்கும்போது அதுவே அவன் பிழைப்பாகிவிட்டது. பெண் பார்க்கப் போன இடங்களில் எல்லாம், ‘ஒயர்ல தொங்கறவன் என்னைக்கு விழுவானோ’ என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பிறகு அவனும் போகவில்லை.

ஊரிலிருந்த அத்தனை கூடமும் அவனுக்குத் தெரியும். எந்த வீட்டு டிவிக்குப் பின்னால் பல்லி முட்டை இருக்கிறது, எந்த வீட்டு அலமாரிக்கு அடியில் தொலைந்த மூக்குத்தி கிடக்கிறது என்பது வரைக்கும் தெரியும். ஆனால் அவன் தலை தெருமுனையில் தெரிந்தால் ஜனங்களுக்குத் தங்கள் வீட்டுப் பழுதுதான் ஞாபகம் வரும். ‘நல்லா இருக்கியா’ என்று கேட்க எடுத்த வாய், ‘நேத்தெல்லாம் படம் நின்னு நின்னு வந்துச்சே’ என்று முடிக்கும். பழுதில்லாத வீட்டுக்குள் அவனுக்கு வேலையில்லை.

அந்தக் கணக்கில் சேராத வீடு எல்லப்பன் வீடு ஒன்றுதான். எல்லப்பன் அரக்கோணத்தில் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மலையடிவாரத்தில், சரவணப் பொய்கைக்குப் போகிற வழியிலுள்ள தெருவில் வீடு. ஒரே மகள் அனுராதா அயர்லாந்தில் நர்ஸ். அவள் முகத்தைப் பார்ப்பதற்காகத்தான் அவர் நெட் வாங்கினார். ஊரில் பாதிப்பேர் புதிதாக வந்த ஃபைபர் கண்ணாடி இழைக்கு மாறிய பிறகும், அவர் கஜபதியின் பழைய கறுப்புக் கேபிளை விடவில்லை. அதற்கான வைஃபை பெட்டியை எங்கே மாட்டுவது என்று கேட்டபோது எல்லப்பன் பூஜை அலமாரியைக் காட்டினார்.

“அண்ணா, சாமி இருக்கற எடத்துலயா?”

“எம்பொண்ணு வர்ற வழிடா இது. வீட்டுல ஒசந்த எடம் அதுதான், அங்கயே மாட்டு.”

முருகன் படத்தைச் சுற்றி எரிகிற சீரியல் பல்புக்கும் பெட்டிக்கும் ஒரே சுவிட்சு. வெள்ளிக்கிழமை தோறும் முருகனுக்கு வைக்கிற கையோடு பெட்டிக்கும் விபூதிப் பட்டை போட்டுக் குங்குமம் வைப்பார். “காத்து போற ஓட்டைய அடைக்காதீங்கண்ணா, சூடாயிப் பூடும்” என்று கஜபதி தலையில் அடித்துக்கொள்வான். அதற்காகவே ஒரு டம்ளர் டீ கிடைக்கும்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு வருகிறேன் என்று சொல்லியிருந்தாள் அனுராதா. கடைசி நேரத்தில் விடுப்பு கிடைக்கவில்லை. “அவளுக்கு லீவு கெடைக்கல இல்ல? அப்ப நானும் கெடைக்க மாட்டேன்னு சொல்லிடு” என்றார் எல்லப்பன், மனைவி வசந்தியிடம். அன்றிலிருந்து போனுக்கு முன்னால் வரவே இல்லை. தாயும் மகளும் பேசும்போது சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். ஆனால் மின்விசிறிச் சத்தம் காதுக்கு இடைஞ்சல் என்று அதை மட்டும் நிறுத்திவிடுவார்.

கிருத்திகையன்று விடிந்ததும் குளித்து, முருகனுக்கு முன்னால் நின்று கைகூப்பியவர், அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அவ்வளவுதான்.

வசந்தி சமையலறையிலிருந்து மகளைப் போனில் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் அனுராதா அழவில்லை. “நான் வர்ற வரைக்கும் ஐஸ் பெட்டியில வெச்சிருங்கம்மா” என்றாள்.

“எப்பிடிடி வெக்கறது? சாயங்காலம் சாமி மலைய விட்டு எறங்கி இந்தத் தெரு வழியாத்தானே தெப்பத்துக்குப் போறாரு. அதுக்குள்ள எடுத்தாவணும்.”

தெருவில் பிணம் கிடந்தால் சாமி அந்தப் பக்கம் வராது. அனுராதாவுக்கும் அது தெரியும், அதே தெருவில் வளர்ந்தவள். அதனால் வேறொன்று கேட்டாள்: “அப்ப போனை எடுத்துகினு போயி நைனா காதுகிட்ட வைம்மா. ஒரு வார்த்தை சொல்லணும். அத்தச் சொல்லாம அவரு போவக்கூடாது.”

வசந்தி போனைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு நடந்தாள். நடையைத் தாண்டுவதற்குள் மகளின் முகம் போனிலிருந்து மறைந்துவிட்டது.

திருவிழாக் கூட்டத்தில் செல்போன் டவர் எப்போதோ மூச்சடைத்துக் கிடந்தது. பூக்காவடிகளும் மொட்டைத்தலைகளும் தெருவெல்லாம் நிறைந்து, பக்கத்து வீட்டுக்குப் போன் செய்தால்கூடப் போகாத நாள் அது. மகளை அடைய அந்தக் கறுப்பு ஒயரை விட்டால் வேறு வழியே இல்லை. எல்லப்பனின் அக்கா கமலா, திருவிழாவுக்காகப் பொதட்டூர்பேட்டையிலிருந்து மகன் அரசுவோடு வந்திருந்தாள். கஜபதியைத் தேட அரசுதான் ஓடினான்.

கஜபதி அப்போது நீளமான மூங்கில் கொம்போடு பக்கத்துத் தெருவில் இருந்தான். கிருத்திகையன்று உயரமான காவடிகள் வரும்போது குறுக்கே போகும் ஒயர்களைக் கொம்பால் தூக்கிப் பிடிப்பது அவன் வேலை. சாயங்காலம் சாமியைச் சுமந்து விமானம் வரும்போதும் அவன்தான் முன்னால் போவான். யாரும் அவனை நியமிக்கவில்லை, ஆனால் வருஷத்தில் அந்த ஒரு நாள் ஊர் முழுக்க அவன் கொம்பை அண்ணாந்து பார்க்கும்.

“எல்லப்ப மாமா பூட்டாருண்ணா. நெட்டும் பூட்டுது” என்றான் அரசு.

முதல் வாக்கியத்துக்கு முகம் வெளுத்த கஜபதி, இரண்டாவதைக் கேட்டுக் கொம்பைப் பார்த்தான். காலையில்தான் எல்லப்பன் தெருவில் ஒரு பெரிய பூக்காவடிக்காக ஒயரை எம்பித் தூக்கியிருந்தான். ‘நானே இழுத்து அறுத்துட்டேன்’ என்று அந்த நிமிஷமே தீர்ப்பு எழுதிக்கொண்டான். அதற்குப் பிறகு வேறு யோசனை அவன் மண்டைக்குள் நுழையவே இல்லை.

எல்லப்பன் வீட்டு வாசலோடு நின்றுவிட்டான். சாவு வீட்டுக்குள் கால் வைத்தால் சாயங்காலம் சாமிக்கு முன்னால் கொம்பு பிடிக்க முடியாது. ஜன்னல் வழியாக எல்லப்பனின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள்.

“அரசு, உள்ள போயி பொட்டியப் பாரு. லைட்டு இன்னா கலர்ல எரியுது?”

அரசு போய்ப் பார்த்துவிட்டு வந்தான். “செவப்புண்ணா.”

“கண்ணு சிமிட்டுதா, நின்னு எரியுதா?”

“நின்னு மொறைக்குது.”

சிவப்பென்றால் சிக்னல் வந்து சேரவில்லை. கஜபதிக்குத் தன் தீர்ப்பு உறுதியாகிவிட்டது. மலையடிவாரத்து ஜங்ஷன் பெட்டிக்கு ஓடினான். ஓடினான் என்பது பேச்சுக்குத்தான். காவடி ஆடுகிறவர்கள் நடுவே ஆற்றுக்கு எதிராக நீந்துகிற மாதிரி போய்ச் சேர்ந்தான். மீட்டரை வைத்துப் பார்த்தால் அங்கே சிக்னல் சுத்தமாக இருந்தது. அடுத்த கம்பத்திலும் இருந்தது. அதற்கடுத்த கம்பத்தில் ஒயர் நுனியில் மாட்டும் பின் துருப்பிடித்திருந்ததால் வெட்டிவிட்டுப் புதுப் பின் போட்டான். திரும்பி வந்து ஜன்னலில் நின்று, “இப்ப?” என்றான்.

“அதே செவப்புதாண்ணா.”

திருவிழாக் கமிட்டி பஞ்சாட்சரம் மஞ்சள் துண்டோடு வந்து நின்றார். “இன்னாப்பா, எப்ப எடுக்கறீங்க? மேல அலங்காரம் ஆரம்பிச்சிட்டாங்க.”

“கொஞ்சம் பொறுங்க சாமி. பொண்ணு பேசணும்ன்னு கீது” என்றான் கஜபதி.

“நான் பொறுக்கலாம்பா. சாமிய பொறுக்கச் சொல்லு பாப்போம்.”

அரசு மெதுவாக, “வீடியோ எடுத்து வெச்சி அப்புறமா அனுப்பிடலாமே அத்தை” என்றான்.

உள்ளே வசந்தி தலையைத் தூக்கவில்லை. “அவ பாக்கணும்ன்னு கேக்கலடா. சொல்லணும்ன்னு கேட்டா. அனுப்பிச்ச வீடியோவுல எப்படிச் சொல்லுவா?”

கஜபதி வீட்டெதிர்க் கம்பத்தில் ஏறினான். அன்றைக்கு அணில் எதுவும் வழிவிடவில்லை. முழங்கால்தான் வழிமறித்தது. அங்கேயும் மீட்டர் சிக்னலைக் காட்டியது. ஆக, கம்பத்திலிருந்து வீட்டுக்குப் போகிற துண்டு ஒயர்தான் உள்ளுக்குள் முறிந்திருக்கிறது என்று முடிவு செய்தான். அதைக் கம்பத்திலிருந்து கழற்றித் தொங்கவிட்டுவிட்டு, புது ஒயரை ஜன்னல் வழியாகவே இழுத்துவிடலாம் என்று இறங்கினான். ஒயர்ச் சுருளை ஜன்னலில் செருகும்போது உள்ளே பார்த்தான். அரசு டிவிக்குக் கீழே குனிந்து கைகாட்டிக்கொண்டிருந்தான்.

“இங்கதாண்ணா, இந்தப் பொட்டிக்குத்தானே?”

கஜபதி ஒயர்ச் சுருளைக் கீழே போட்டான். “டேய், அது டிவி பொட்டிடா. டிவிய நிறுத்தினா அது செவப்பாத்தான் எரியும். நான் கேட்டது வைஃபை பொட்டி.”

“ரெண்டும் வேற வேறயாண்ணா?”

“சாமி அலமாரில பார்றா.”

“அது சாத்திகீது. அம்மா காலையிலயே சுவிட்சை அணைச்சிட்டுத் தாப்பாப் போட்டுட்டாங்க. கருமாதி வரைக்கும் தொறக்கக் கூடாதாம்.”

சாவு விழுந்த வீட்டில் அடுப்பு எரியாது, டிவி பேசாது, சாமிக்கு விளக்கு எரியாது. தம்பியின் மூச்சு நின்றது தெரிந்ததும் கமலா முதல் காரியமாக எழுந்து அதைத்தான் செய்திருக்கிறாள். எந்த வீட்டிலும் யாராவது ஒருத்தி செய்கிற காரியம்தான். சீரியல் பல்போடு சேர்ந்து பெட்டியும் அணைந்தது அவளுக்குத் தெரியாது. மகள் ஒரு வார்த்தை கேட்ட அதே நேரத்தில், கதவு சாத்தப்பட்டிருக்கிறது. அதற்குப் பிறகு அரை நாள், கஜபதி நன்றாக இருந்த லைனைக் கம்பம் கம்பமாகப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

செருப்பைக் கழற்றினான்.

“கஜபதி, யோசிச்சிக்கோ” என்றார் பஞ்சாட்சரம். “உள்ள போனா சாயங்காலம் கொம்பத் தொடக்கூடாது.”

அவன் உள்ளே போனான். அலமாரிக்கு முன்னால் கமலா கையை விரித்து நின்றாள்.

“இன்னாடா பண்ணப் போற?”

“சுவிட்சு போடணும்க்கா. பொட்டி உள்ள கீது.”

“பொணம் நடுவூட்டுல கெடக்குது. சாமியச் சாவு மூஞ்சில முழிக்க வெக்கறியா? எந்தம்பி நல்லகதிக்குப் போவணுமா வேணாவா?”

 சிறுவயதிலிருந்து கஜபதியும் அதே பயத்தில் வளர்ந்தவன்தான். நீட்டிய கை நீட்டியபடியே நின்றது. அப்போது வசந்தி எழுந்தாள். காலையிலிருந்து கணவரின் தலைமாட்டை விட்டு நகராதவள் எழுந்து வந்ததைப் பார்த்து, ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள்.

“அக்கா, விடிஞ்சதும் குளிச்சிட்டு வந்து, இதோ இங்க, இவரு முன்னாலதான் நின்னாரு உங்க தம்பி. கைய கூப்பிகினு நின்னாரு. அப்ப தொறந்துதானே இருந்துச்சு? சாமி பாத்துகினுதானே இருந்தாரு? சாயறதப் பாத்தவரு, கெடக்கறதையும் பாக்கட்டும்.”

தாழ்ப்பாளை அவளே தட்டினாள். சுவிட்சை அவளே போட்டாள். முருகனைச் சுற்றிச் சீரியல் பல்புகள் பச்சையும் சிவப்பும் மாறி மாறி ஓட ஆரம்பித்தன. கூடம் கல்யாண வீடு மாதிரி மின்னியது. கமலா முகத்தை மூடிக்கொண்டாள்.

விபூதிப் பட்டையோடு இருந்த பெட்டியில் ஒரு விளக்கு வந்தது. பெட்டி எழுந்து, தான் யாரென்று ஞாபகப்படுத்திக்கொண்டு, லைனைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். எத்தனை வீட்டில் எத்தனை பேரிடம் ‘அணைச்சிட்டுப் போடுங்க, கொஞ்சம் பொறுங்க’ என்று சொல்லியிருப்பான். இன்று அவனால் பொறுக்க முடியவில்லை. இரண்டாவது விளக்கு கண் சிமிட்டியது. சிமிட்டிக்கொண்டே இருந்தது. நின்று எரியவில்லை. மலைமேலிருந்து வாணவெடி ஒன்று வெடித்தது.

“சாமி பொறப்பட்டாச்சு” என்று வெளியே பஞ்சாட்சரம் கத்தினார். “தூக்குங்கப்பா, தூக்குங்க.”

விளக்கு இன்னும் சிமிட்டியது. லைனைத் தேடுகிறது, கிடைக்கவில்லை. ஏன் கிடைக்கவில்லை? கஜபதி கையிலிருந்த பழைய பின்னைப் பார்த்தான். கம்பத்தில் ஒயரைக் கழற்றித் தொங்கவிட்டது அவனேதான்.

அவன் வெளியே பாய்ந்தபோது பாடை திண்டாடித் திண்டாடி வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கம்பத்தில் எப்படி ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. பறந்து ஏறினான் என்று பார்த்தவர்கள் இப்போது சொல்கிறார்கள். அது பொய். இரண்டு தரம் வழுக்கி, முழங்கைத் தோல் உரிந்துதான் ஏறினான். ஒயரை முறுக்கி மாட்டினான். கீழே எல்லப்பன் போய்க்கொண்டிருந்தார். இறந்த பிறகு அவர் முகத்தை அப்போதுதான் சரியாகப் பார்த்தான், அதுவும் மேலேயிருந்து. நெற்றியில் காசு, மூக்கில் பஞ்சு, கன்னத்தில் ஒரு பக்கம் மட்டும் சரியாக மழிக்காத நரைமுடி.

“வந்துடுச்சு! வந்துடுச்சுண்ணா!” வசந்தியின் போனில் அனுராதாவைப் பிடித்துவிட்ட அரசு அதை உயர்த்திக் காட்டினான். கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு பாடையோடு ஓடி, போனை எல்லப்பன் காதோரம் வைத்தான். மேளக்காரர்கள் உயிரை விட்டு அடித்துக்கொண்டிருந்தார்கள். “நிறுத்துங்கடா, நிறுத்துங்கடா” என்று கஜபதி மேலேயிருந்து கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. தூக்குகிறவர்களுக்குச் சாமிக்கு முன்னால் தெருவைத் தாண்டுகிற அவசரம். மூன்றாவது வீட்டு வாசலைத் தாண்டியதும் அரசு போனை உதறிப் பார்த்தான். திரும்பி, கம்பத்தில் இருந்தவனை நோக்கிக் கையை விரித்தான்.

இந்தத் தடவை எங்கும் பழுதில்லை. வைஃபை அவ்வளவு தூரம்தான் வரும்.

தோள் மாற்றக் கூப்பிட்டார்கள் என்று அரசு போனைக் கஜபதியிடம் திணித்துவிட்டு ஓடினான். கஜபதி வேறென்ன செய்வதென்று தெரியாமல் வீட்டை நோக்கி நடந்தான். வசந்தியைக் குளிக்க அழைத்துப் போயிருந்தார்கள். கமலா கூடம் முழுக்கத் தண்ணீரைக் கொட்டித் துடைப்பத்தால் தள்ளிக்கொண்டிருந்தாள். அலமாரி திறந்தபடியே இருந்தது. பெட்டியில் எல்லா விளக்குகளும் பச்சையாக நின்று எரிந்தன. அவன் வாசலைத் தாண்டியதும் போன் அடித்தது.

அனுராதா. கண் இமை வீங்கி, மூக்குச் சிவந்து, எங்கோ ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“சித்தப்பா? அம்மா எங்க?”

“குளிக்கப் போயிருக்காங்கம்மா.”

“நைனாவ எடுத்துட்டாங்களா?”

“ஆங்.”

துடைப்பம் நின்றது. கமலா முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றாள்.

“காலையிலேருந்து ஏன் சித்தப்பா லைனே கெடைக்கல?”

கஜபதி கமலாவின் முதுகைப் பார்த்தான். “திருவிழா கூட்டமாச்சேம்மா. என் ஒயரு அறுந்து பூடிச்சு.”

கமலா மறுபடி கூட்ட ஆரம்பித்தாள், முன்பைவிட மெதுவாக. அனுராதா மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அவள் அடுத்து என்ன கேட்கப்போகிறாள் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது. அதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டால் அந்தக் கேள்வி அவளை அறுக்காது என்று நினைத்தான்.

“கவலப்படாதம்மா. நான் மேலேருந்து பாத்துகினுதான் இருந்தேன். அரசு காதுலயே வெச்சான். நீ சொன்னது முழுசா அவரு காதுல வுழுந்துச்சு. அப்புறமாத்தான் கட் ஆச்சு.”

போனில் அவள் முகம் அசையாமல் நின்றது. படம் உறைந்துவிட்டதோ என்று கஜபதி பெட்டியைத் திரும்பிப் பார்த்தான். உறையவில்லை. அவள் கண் சிமிட்டினாள்.

“நான் சொல்லவே ஆரம்பிக்கல சித்தப்பா” என்றாள். “அரசு பாவா எப்ப வெச்சாருன்னே தெரியல. மோளம்தான் கேட்டுச்சு. நான் ஹலோ ஹலோன்னு சொல்லிகினு இருந்தேன்.”

 கமலா தள்ளிவிட்ட தண்ணீர் கஜபதியின் கால்களைச் சுற்றி வாசல் பக்கம் ஓடியது. அனுராதா போனை வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லை. லைன் அத்தனை சுத்தமாக இருந்தது. அங்கே பக்கத்து அறையில் யாரோ குழாயை இறுக்கி மூடுகிற சத்தம்கூட இங்கே கேட்டது.